மைகேனாஸ் என்றால் புரவலர்

மைகேனாஸ் ஓர் ஆளின் பெயர். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் மிசீனஸ் என்பார்கள். இன்று ஜெர்மனில் மெட்சேன், ரஷ்ய மொழியில் மெத்செனாத், பிரெஞ்சில் மெசேன் எல்லாம் இந்தப் பெயரிலிருந்து வந்தவைதான். பொருள், கலைக்குக் கைகொடுக்கும் பணக்காரர். பிரான்சில் இப்படிக் கொடுப்பதற்கு 2003 ஆகஸ்ட் 1 தேதியிட்ட சட்டமே உண்டு. ஒரு நிறுவனம் தரும் கொடையில், வரம்புக்குட்பட்டு, 60 விழுக்காடு வரியில் கழியும்.

ஆள் யார்? இத்தாலியில் இன்று அரெட்சோ எனப்படும் ஊரின் பழைய எட்ருஸ்கக் குடும்பத்துச் செல்வர். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டசுக்கு வலக்கை. கி.மு. 40-இல் பிருந்திசியம் என்ற துறைமுக ஊரில், அகஸ்டசின் போட்டியாளர் ஆண்டனியோடு சமரசம் பேசியவர்களில் ஒருவர். அகஸ்டஸ் போருக்குப் போன நாட்களில் ரோம் நகரமே இவர் பொறுப்பில் இருந்தது. ஆனால் செனட் பக்கம் கடைசிவரை போகவில்லை. இறந்தது கி.மு. 8-இல்.

இவர் பெயரை நிறுத்தியது அரசியல் அல்ல, கவிஞர்கள். ஹோரஸ், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். கவிஞர்கள் விர்ஜிலும் வாரியுசும் சொல்லித்தான் மைகேனாஸ் முன் போய் நின்றார். கூச்சத்தில் நாக்குக் குழற நாலு வார்த்தை பேசினார். அவரும் தம் வழக்கப்படி சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பதாம் மாதம் மறுபடி ஆள் வந்தது: இனி நீ எங்களில் ஒருவன். இது ஹோரஸே எழுதிவைத்தது. பின்னால் சபைன் மலைப்பகுதியில் ஒரு பண்ணையும் கிடைத்தது.

சும்மா கொடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். வேளாண்மை பற்றிய தம் நெடுங்கவிதையில் விர்ஜிலே இவரை அழைத்து, 'உன் லேசில்லாத கட்டளை' என்கிறார். காவியம் பாட என்னால் ஆகாது என்று புரோபர்டியஸ் பாட்டிலேயே இவரிடம் நழுவினார். அடுத்த நூற்றாண்டிலேயே பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது. மைகேனாஸ்கள் இருந்தால் விர்ஜில்களுக்குப் பஞ்சம் வராது என்று மார்ஷியல் பன்மையில் பாடுகிறார்.

தமிழில் என்ன சொல்வது? வள்ளல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. வள்ளல் அள்ளிக் கொடுப்பவர். பாரி தேரை முல்லைக்கு விட்டது போல. ஒன்பது மாதம் யோசித்துவிட்டு ஆயுள் முழுக்கத் தாங்குபவர் புரவலர். புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். (கிளை நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டியவரும் புரவலர்தான். சொல் கொஞ்சம் மலிந்துவிட்டது.)

புரவலருக்கு எதிரில் நிற்கும் சொல் இரவலர். இரண்டும் மோதும் இடம் புறநானூறு 162. இளவெளிமான் என்ற தலைவன் கொஞ்சமாய்க் கொடுத்ததைப் புலவர் பெருஞ்சித்திரனார் வாங்கவில்லை. வள்ளல் குமணன் தந்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுச் சொல்கிறார்: 'இரவலர் புரவலை நீயும் அல்லை, புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்.' இரப்பவரைக் காப்பவன் நீ அல்ல, அதற்காக எங்களுக்குப் புரவலரே இல்லாமலும் போகவில்லை என்று பொருள். வாங்குகிறவருக்கும் முதுகெலும்பு உண்டு.

ஹோரசுக்கும் இருந்தது. ஐந்து நாளில் வருகிறேன் என்று நாட்டுப்புறம் போனவர் ஆகஸ்ட் மாதம் முழுக்கத் திரும்பவில்லை. மைகேனாசுக்குக் கடிதக் கவிதைதான் வந்தது: கொடுத்ததைக் காட்டிக் கட்டிப்போடுவதானால், எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன்.