தவளைக் காலில் பிறந்த சொல்

தலை இல்லை, உடல் இல்லை. மேசைமேல் கிடந்தவை தோலுரித்த இரண்டு தவளைக் கால்களும் அவற்றோடு ஒட்டியிருந்த நரம்புகளும்தான். பக்கத்தில் மின் எந்திரம் ஒன்று பொறி கக்கிய நேரம் பார்த்து உதவியாளர் கத்தி முனையால் நரம்பைத் தொட, கால்கள் வெடுக்கென்று உதறின. 1780களில் இத்தாலியின் பொலோன்யா நகரில், உடற்கூறியல் பேராசிரியர் லூயிஜி கால்வானியின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. 'கால்வனைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ உணர்ச்சி பொங்கவைத்து, உடனே செயலில் இறக்கிவிடுவது என்று பொருள்.

செத்த கால் எப்படித் துடிக்கும்? நரம்புச் செல் எப்போதும் நாண் ஏற்றிய வில்போலத் தயாராக இருக்கிறது. உள்ளே பொட்டாசியம் அயனிகள் அதிகம், வெளியே சோடியம் அயனிகள் அதிகம். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். சின்ன மின்னதிர்வு பட்டதும் சவ்விலுள்ள வாசல்கள் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த அலை நரம்பு வழியே ஓடித் தசையை எட்டியதும், தசை தன் கையிருப்பு ஆற்றலைச் செலவழித்துச் சுருங்குகிறது. தவளை இறந்த பிறகும் இந்த ஏற்பாடு கொஞ்ச நேரம் கெடாமல் இருக்கும். பொறி தொட்டதோடு சரி, உதறிய பலம் காலுக்கே சொந்தம்.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே இதனால்தான். 'இவோக்' என்று இன்னோர் ஆங்கிலச் சொல் உண்டு. மனதில் ஓர் உணர்வையோ நினைவையோ எழுப்புவது என்று பொருள். பழைய பாட்டு கேட்டு ஊர் ஞாபகம் வருகிறதே, அது. அதோடு நின்றும் போகலாம். கால்வனைஸ் அப்படி நிற்காது. ஏரிக்கரை உடைகிறது என்று கேட்டதும் ஊரே மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடினால், அந்தச் செய்தி ஊரைக் கால்வனைஸ் செய்தது எனலாம். தமிழில் 'முடுக்கிவிட்டது' கிட்டே வரும். 'உசுப்பிவிட்டது' என்றால் சண்டை மூட்டிய வாடை அடிக்கும்.

அப்புறம், நம் வீட்டு ஜி.ஐ. (கால்வனைஸ்டு அயர்ன்) குழாயில் உள்ள 'ஜி'யும் கால்வானியின் பெயர்தான். இரும்பை, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு அரிபட்டு, இரும்பைக் காக்கும். இரண்டு உலோகம், நடுவே ஈரம்: இந்த மூன்றும் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும். கால்வானியின் இன்னொரு சோதனையில், பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக் கால், இரும்புக் கிராதியில் பட்டபோது எந்திரமே இல்லாமல் துடித்ததற்கு இதுதான் காரணம் என்றார் இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா. 1800இல் உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி, அவர் மின்கலத்தைச் செய்தும் காட்டினார். கால்வானி அதைப் பார்க்கவில்லை. 1798இலேயே இறந்துவிட்டார்.