பெட்டியில் இல்லாத பாறை

நிலவியல் பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேலைவாய்ப்பைப் பற்றித்தான். அணை, சுரங்கப்பாதை, மலைச்சாலை, நிலத்தடி நீர் என்று இந்தத் துறையில் வேலைக்குப் பஞ்சமில்லை. என் கவலை வேறு. படித்து முடித்து வருகிறவர்களில் பலர் எண்ணைப் பார்க்கிற அளவுக்குப் பாறையைப் பார்ப்பதில்லை.

ஒரு மலைச்சரிவில் துளையிட்டு எடுத்த பாறை உருளைகளைப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் டேப் வைத்து அளந்தார். 150 சென்டிமீட்டர் துளையில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் மொத்த நீளம் 120. ஆர்.க்யூ.டி. எனப்படும் பாறைத் தர அளவு 80 சதவீதம். 'நல்ல பாறை' என்று எழுதிவிட்டார். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் நடுவில் 20 சென்டிமீட்டருக்கு எதுவுமே இல்லை.

"இது எங்கே போயிற்று?" என்று கேட்டேன்.

"மாதிரி கிடைக்கவில்லை, சார்."

வெற்றிடத்தை ஒட்டியிருந்த துண்டின் முனையை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். பழுப்புக் களிமண் பிசுபிசுவென்று ஒட்டியது. மீதியை, துளையிடும்போது உள்ளே செலுத்தும் தண்ணீர் கழுவிக்கொண்டு போயிருந்தது. பக்கத்திலேயே தண்ணீரைக் குறைத்து, மெதுவாக மறுபடி துளையிட்டோம். களிமண் முழுதாக வந்தது. அந்தச் சரிவு வழுக்கினால் அதன் மேல்தான் வழுக்கும்.

இத்தாலியின் வயோன்ட் அணையை எந்த மாணவரும் படிக்காமல் இருக்கக் கூடாது. 1963 அக்டோபர் 9 இரவு, டோக் மலைச்சரிவிலிருந்து 26 கோடி கன மீட்டர் அளவுக்குப் பாறை நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே கிடந்த மெல்லிய களிமண் படலங்களின் மீது அது வழுக்கியது. எழும்பிய நீர் அணையைத் தாண்டிப் பாய்ந்ததில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். சுமார் 262 மீட்டர் உயர அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது. கான்கிரீட்டைக் கணக்கிட்டவர்கள் தோற்கவில்லை, மலையைப் படித்ததில்தான் குறை.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பணி என்று கேளுங்கள். பாறை இயக்கவியலையும் நிலத்தடி நீரியலையும் விருப்பப் பாடம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். மென்பொருளை வேலையில் சேர்ந்தபின் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். பாறையைப் பார்க்கும் கண் அப்படி வராது.

களத்துக்குப் போனால் துளையிடும் தொழிலாளியின் அருகிலேயே நில்லுங்கள். தண்ணீரின் நிறம் எந்த ஆழத்தில் மாறியது, எங்கே தண்ணீர் திரும்பி வராமல் போனது, கம்பி எங்கே சட்டென்று இறங்கியது என்று அவரிடம் கேளுங்கள். அதை அன்றைக்கே ஆழத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும்போது அந்தச் செய்தி அதில் இருக்காது.