தொழில் கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதாதீர்கள்

வேலூரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன், நோயால் முடங்கியவர்கள் மறுபடி அன்றாட வேலை செய்யப் பயிற்சி கொடுப்பவள். என்னிடம் வருவதெல்லாம் கைகள்தான். மரத்துப்போன கை, மடங்காத விரல், ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த கை.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் ஒரே கோளாறு, மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல். ஒருவர் மிருதங்கம் வாசிப்பவர். விரல் மரத்த பத்தாம் நாளே வந்துவிட்டார், கூடவே மனைவி, மகன், ஒரு சிஷ்யர். இன்னொருவர் பேரணாம்பட்டு பக்கம், டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருஷமாகத் தோல் தரம் பிரிப்பவர். தனியாக வந்தார். மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது.

“ஏண்ணா இவ்ளோ நாள் விட்டீங்க?” என்று கேட்டேன்.

“நான் இன்னா மேடம், வீணையா வாசிக்கிறேன்? கூலிக்காரன்தானே” என்றார்.

அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்றுதான் எழுதியிருந்தது. இதே பதிலை எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். பீடி சுற்றும் அக்கா சொல்வார், பரோட்டா மாஸ்டர் சொல்வார், ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்கள் சொல்வார்கள். இந்த முறை எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோல் தரம் பிரிப்பது என்றால் என்ன என்று பார்த்திருக்கிறீர்களா? தோலை மேஜையில் வீசி விரிப்பார்கள். உள்ளங்கை ஒரு முறை மேலே போய் வரும். அப்புறம் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக மடித்துப் பார்ப்பார்கள். மேல்பரப்பு தளர்ந்திருக்கிறதா, இறுக்கமா, எங்கே பழைய கீறல் ஆறியிருக்கிறது, எல்லாம் அந்த ஒரு மடிப்பில் தெரிந்துவிடும். இது ஷூவின் மேல்பாகத்துக்கு, இது லைனிங்குக்கு என்று அடுத்த நொடியே தனித்தனியாகப் போய் விழும். எந்த மெஷினும் சொல்லித் தராத தீர்ப்பு இது. விரல் மரத்துப்போனால் இவருக்கு என்ன மிச்சம்?

கலைஞர் என்றால் மேடை வேண்டும், மைக் வேண்டும், கடைசியில் ஒரு சால்வை வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அதைச் செதுக்கியவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா? நாள் முழுக்கக் கல்தூசியில் உட்கார்ந்து உளி பிடித்தவர்கள். நானூறு வருஷத்துக்கு மேல் ஆனதால் இன்று சிற்பி என்கிறோம். இன்று கட்டடத்தில் உளி பிடிப்பவர் மட்டும் கூலியா? ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் பாட்டும் கூத்தும் மட்டுமா இருக்கின்றன? தையல் இருக்கிறது, தச்சு இருக்கிறது, சமையல் இருக்கிறது, பூத்தொடுப்பது இருக்கிறது. பட்டியல் போட்டவர்களுக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை.

“எல்லாரையும் கலைஞர் என்றால் அந்தச் சொல்லுக்கே மதிப்பு போய்விடாதா?” என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். எல்லாரையும் சொல்லவில்லை. ஏனோதானோ என்று பூசும் கொத்தனாரும் உண்டு, மனசில்லாமல் வாசிக்கும் வித்வானும் உண்டு. அளவு, எடை, விதி எல்லாம் முடிந்துபோகிற இடத்தில் கை தானாக ஒரு முடிவு எடுக்கிறதா என்பதுதான் என் கணக்கு. ஆரணி நெசவாளி அறுந்த பட்டு இழையை முடிச்சுத் தெரியாமல் சேர்ப்பதும், ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் பெரிய டபராவில் சீரகச் சம்பா உடையாமல் கிளறுவதும் அந்த இடம்தான்.

எங்கள் துறைக்கு இதைச் சொல்லித் தந்த ஊரே இதுதான். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தி அசைவு வரவைத்தார். அப்படிச் சரியான கைகளுக்குத் தச்சு வேலை கற்றுத்தரவும் ஏற்பாடு செய்தார். ஆபரேஷன் தியேட்டரையும் தச்சுப் பட்டறையையும் அவர் இரண்டாகப் பார்க்கவில்லை.

சரி, இப்போது கவனமாகக் கேளுங்கள். ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறீர்களா? வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சத்து ஊசி போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் வந்தால் ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் ஒரு பட்டையிலேயே பலருக்குக் குறையும். சதை வற்றிய பிறகு வந்தால் ஆபரேஷன் செய்தாலும் போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. சுண்டுவிரல் மரத்தாலோ, உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தாலோ அது வேறு விஷயம், தொழுநோயாகவும் இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், தொழுநோய் மருந்து இலவசம், நோய் குணமாகும். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

சீட்டு எழுதும் தம்பி தங்கைகளே, ‘கூலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வேலை, எந்தக் கை, எந்த விரல் என்று கேளுங்கள். அது தெரியாமல் நான் என்ன பயிற்சி கொடுப்பது? வருகிறவர்களும் தயங்காமல் உங்கள் கத்தரியை, கரண்டியை, கருவியைக் கையோடு எடுத்து வாருங்கள். வேலை கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆள் கையை உதறுவதைப் பார்த்தால் ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்புங்கள்.

பேரணாம்பட்டு அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தொடு உணர்ச்சிப் பயிற்சிக்கு வழக்கம்போலப் பஞ்சும் உப்புத்தாளும் துணியும் கொடுத்தேன். இரண்டு நாள் செய்துவிட்டு, “இதுல எனக்கு ஒண்ணும் தெரியல மேடம்” என்று மறுநாள் ஒரு பையில் தோல் துண்டுகள் கொண்டுவந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார். இது கழுத்து, இது முதுகு. மூன்றாவதில் ரொம்ப நேரம் நின்றார். வயிற்றுப் பக்கத் தோல் அது, தளர்வாக இருக்கும். இடது கையால் தொட்டவுடன் சொன்னார், வலது கைக்கு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளாடும் செம்மறியும் கலந்து எடுத்து வருகிறேன் என்றார்.