விதைநெல் உலர்த்திக்கு அனுப்பும் எட்டு பைட்டுகள்

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை ஐப்பசி மழையை ஒட்டியே வருவதால், களத்து வெயிலை மட்டும் நம்பி விதைநெல்லைக் காயவைக்க முடிவதில்லை. உலர்த்தியில் இடும்போதோ காற்றின் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முளைப்புத்திறன் கெடத் தொடங்கும். ஆகவே, சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பது விதைக்கு முக்கியமான கேள்வி.

உலர்த்தியிலுள்ள கருவியை அலுவலகக் கணினியோடு பெரும்பாலும் ஆர்.எஸ். 485 என்னும் முறுக்கிய இரட்டைக் கம்பி இணைக்கிறது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை செய்தி கடத்தும் இந்தக் கம்பியில் பரவலாகப் புழங்கும் செய்திப் பரிமாற்ற நெறிமுறை, 1979இல் வெளிவந்த மோட்பஸ். கணினி கேட்டால்தான் கருவி பேசும். 1, 3, 0, 0, 0, 1, 132, 10 என்னும் எட்டு பைட்டுகளை (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) எடுத்துக்கொள்வோம்: முதல் எண் கருவியின் முகவரி, 3 என்பது 'படித்துச் சொல்' என்னும் கட்டளை, அடுத்த நான்கும் எந்த ரெஜிஸ்டரிலிருந்து (கருவி ஒரு மதிப்பை வைத்திருக்கும் எண்ணிட்ட நினைவக அறை) எத்தனை என்பதைக் குறிக்கின்றன, கடைசி இரண்டும் வழியில் செய்தி சிதைந்ததா எனக் காட்டும் சோதனை எண்கள். பதிலில் மதிப்பாக 1, 164 என்னும் இரண்டு பைட்டுகள் வந்தால், முதல் பைட்டை 256ஆல் பெருக்க வேண்டும் என்பதால், 256உடன் 164ஐக் கூட்டக் கிடைப்பது 420. பத்தில் ஒரு பங்காக அளக்கும் கருவியில் அது 42.0 டிகிரி. எந்த ரெஜிஸ்டரில் எது இருக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேடு இல்லாமல் ஊகித்து எழுதுவது ஆபத்து.

சோதனை எண்கள் பொருந்தினால் செய்தி சிதையவில்லை என்றுதான் பொருள். அளவு மெய் என்று பொருளாகாது. சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் வெப்ப உணரியான பி.டி. 100இன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். இரண்டு கம்பிகளால் மட்டும் கருவியோடு இணைத்த உணரிக்கு இணைப்புக் கம்பியே 1 ஓம் சேர்த்தால் கருவி 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும். திரையில் 43 என்று இருக்க, நெல்லுக்குக் கிடைப்பது சுமார் 40 டிகிரிதான். மூன்று கம்பி இணைப்பு இந்தப் பிழையைப் பெரிதும் நீக்கிவிடும் என்பதால், கட்டளை அனுப்புமுன் வயரிங்கைப் பார்ப்பதே முறை.

அதன் பிறகும் மிஞ்சும் பிழைக்குத்தான் அளவுத்திருத்தம். நொறுக்கிய பனிக்கட்டியும் தூய நீரும் கலந்த பாத்திரத்தில் உணரியை அமிழ்த்தி, அளவு நிலைத்தபின் கூட்டல் பிழையை (எல்லாச் சூட்டிலும் ஒரே அளவாக வரும் பிழை) நீக்கும் மதிப்பை 6 என்னும் எழுதும் கட்டளையால் அனுப்ப வேண்டும்; பின்னரே கொதிநீர் ஆவியில் வைத்துப் பெருக்கல் காரணியை (சூட்டோடு வளரும் பிழையைச் சரிசெய்யும் எண்) திருத்த வேண்டும். வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்துவது மற்றதைக் கெடுக்கும். கொதிநிலையும் எப்போதும் 100 அன்று: வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிலைகொண்டு காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நாகப்பட்டினத்தில் நீர் சுமார் 0.3 டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். அன்றைய அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் அந்தப் புள்ளியை 100 என்று பதிவது, கருவியில் புதிய பிழையைப் புகுத்துவதாகும்.

எழுதும் கட்டளை ஏற்கப்பட்டால் கருவி அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். ஆனாலும் 3ஆம் கட்டளையால் மதிப்பை மறுபடி படித்துப் பார்ப்பதே பாதுகாப்பு, ஏனெனில் சில கருவிகள் கடவு எண் கொடுத்துத் திறந்தால்தான் திருத்த மதிப்புகளைச் சேமிக்கும். மின்சாரம் போனாலும் அந்த மதிப்புகள் அழியாமல் தங்கும் நிலைநினைவகம் பொதுவாக 1 லட்சம் முறை எழுதுவதற்கே உறுதியளிக்கப்பட்டது. இலக்கு வெப்பநிலையையும் அங்கேயே சேமிக்கும் கருவிக்கு, விநாடிக்கொரு முறை அதை எழுதும்படி நிரல் அமைத்தால், 28 மணி நேரத்துக்குள் அந்த உறுதி தீர்ந்துவிடும். படிப்பதை எத்தனை முறையும் செய்யலாம். எழுதுவதை மதிப்பு மாறும்போது மட்டும் செய்ய வேண்டும்.