வயல் கொள்ளளவா, வடிபதமா?

சென்ற சிறுபோகத்தில் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் பயிற்சித் தாள் ஒன்றைப் பார்த்தேன். ‘மண் வயல் கொள்ளளவை அடையும்வரை நீர் பாய்ச்சுக’ என்று அதில் ஒரு வரி. தோட்டக்கார ஐயா கேட்டார்: “பாத்தி முட்டத் தண்ணி நிக்க விடச் சொல்லுறாங்களோ தம்பி? வெங்காயம் அழுகிப்போகுமே.” அவர் வாசித்ததில் பிழையில்லை. பிழை சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இது பீல்ட் கப்பாசிற்றி. கலிபோர்னியாவில் வீமையர், ஹென்ட்ரிக்சன் என்ற ஆய்வாளர்கள் 1931இல் வரையறுத்தது. மண் நன்றாக நனைந்தபின், கீழே இறங்கும் நீர் எல்லாம் இறங்கி, இரண்டு மூன்று நாளில் வடிதல் ஏறத்தாழ நின்றதும் மண்ணில் தங்கியிருக்கும் நீரே அது. ஆய்வுகூடத்தில் 33 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தத்தை, அதாவது மண் நீரைப் பிடித்துவைக்கும் இழுப்பை, இதற்கு அளவாகக் கொள்வார்கள், மணலுக்கு 10.

இனி ‘கொள்ளளவு’. கந்தளாய்க் குளத்தின் கொள்ளளவு என்றால் வான் பாயும் மட்டத்தை நினைப்போம். குடத்தின் கொள்ளளவு என்றால் விளிம்பை. மண்ணுக்கு அந்த விளிம்பு, துளையெல்லாம் நீர் நிறைந்து வேருக்குக் காற்றே இல்லாத நிலை. நாம் சொல்லவந்தது அதிலிருந்து வடிந்தபின் எஞ்சுவதை. ஆங்கிலச் சொல்லிலேயே இந்தக் கோணல் உண்டு. அதை நாமும் ஏன் இரவல் வாங்க வேண்டும்? ‘வயல்’ அதைவிட மோசம். தம்பலகாமத்தில் வயல் என்றால் வரம்பு கட்டி நீர் நிறுத்தி நெல் விதைக்கும் காணி. வெங்காயமும் மிளகாயும் நிற்பது தோட்டம். நீர் நிறுத்தும் நிலத்தின் பெயரை, நீர் வடிந்த நிலைக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு சாரார் ‘களக் கொள்திறன்’ என்கிறார்கள். களம் எங்களுக்குச் சூடடிக்கும் இடம். கள ஆய்வு, களப்பணி என்று எழுதிப் பழகிய கை, ‘பீல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் களத்தை நட்டுவிடுகிறது. ‘திறன்’ என்று மாற்றியதால் விளிம்புக் குழப்பமும் தீரவில்லை.

உழவரிடம் சொல் இருக்கிறது: பதம். வடமொழிப் பதம் வேறு, இது பக்குவம். சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், உழவுக்குப் பதம். எங்கள் மாவட்டத்து மேட்டுக்காணிச் செங்கபில மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். இடையில் உழவுக்குக் கிடைப்பது சில நாள்தான். அந்த நாளைக் கையால் பிடித்துப் பார்த்தே அறிவார்கள்: உருண்டை பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிறுத்துப் பார்ப்பதும் தமிழுக்குப் புதிதல்ல. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற குறள், ஒரு பலம் மண் கால் பலமாகக் காய்வதைச் சொல்கிறது. இன்று 105 பாகை செல்சியஸ் அடுப்பில் 24 மணிநேரம் உலர்த்தி, முன்னும் பின்னும் நிறுப்பதும் எடையிழப்பைப் பார்க்கத்தான்.

ஆகவே நான் எழுதுவது ‘வடிபதம்’. நீர் முழுக்க நிறைந்தது நிறைபதம். பயிர் இரவிலும் தலைநிமிராதபடி வாடும் எல்லை, 1500 கிலோபாஸ்கல், வாடுபதம். இதற்கு இப்போது வழங்கும் ‘நிரந்தர வாடற் புள்ளி’ என்பதில் வரும் புள்ளி மண்ணில் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும். ‘பதம்’ என்றால் காற்றுக்கு உரிய ஈரப்பதனோடு குழம்பும் என்பார்கள். வடி, வாடு என்ற வினைகள் முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. கார்த்திகை மழையில் நிறைபதம், மழை விட்டு இரண்டு மூன்று நாளில் வடிபதம், ஆடிக் கச்சான் காற்றில் இறைக்காத காணி வாடுபதம் என்று சொன்னால் எந்தத் தோட்டத்திலும் விளங்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் பாத்தி ஓரத்தில் ஒருமுறை நின்று கேட்கலாம். அந்த ஐயாவிடம் நான் ‘வடிபதத்துக்கு வருமளவு தண்ணி விடுங்கோ’ என்றேன். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலடிக்குப் போனார்.