ப்ளாயான்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

ப்ளாயா ஸ்பானிஷ் சொல்லு. அங்க அதுக்குக் கடற்கரைன்னுதான் அர்த்தம், நம்ம சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் மணலைக் காட்டினாலும் ப்ளாயான்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஜியோகிராஃபி பாடத்துல வர்ற ப்ளாயா வேற, பாலைவனப் பள்ளத்தாக்குக்கு நடுவுல தண்ணி தேங்கித் தேங்கி வத்திப்போற தட்டையான ஏரித்தரை அது.

சுத்தி மலை, தண்ணி வெளிய போக வழியே இல்ல. என்னைக்காவது மழை பெஞ்சா வெள்ளம் கல்லையும் மண்ணையும் உருட்டிக்கிட்டு இறங்கும், பெரிய கல்லெல்லாம் அடிவாரத்துலயே நின்னுடும், நைசான களிமண்ணு மட்டும் நடு வரைக்கும் போய்ப் படியும், அப்புறம் வெயில்ல தண்ணி ஆவியாகி தரை ஓடு பதிச்ச மாதிரி வெடிச்சுக் கிடக்கும்.

கலிஃபோர்னியா டெத் வேலி தேசியப் பூங்காவுல இருக்கற ரேஸ்ட்ராக் ப்ளாயாவ எடுத்துக்குங்க. சுமார் 4.5 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு மேல 1,130 மீட்டர் கிட்ட (நம்ம புக்கிட் தீமா மலை உச்சியே 164 மீட்டர்தான்). இவ்வளவு நீளத்துக்கும் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் உயர வித்தியாசம் சில செண்டிமீட்டர்தான்! என்எஸ்ல (தேசிய சேவையில) நில உயரத்தைக் காட்டற டோப்போ மேப் பாத்துப் பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும், மலைச்சரிவுல பழுப்பு நிற சமவுயரக் கோடுங்க (ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற கோடுங்க) நெருக்கி நெருக்கி வந்து டக்குனு நின்னுடும், அதுக்கப்புறம் கோடே இல்லாத வெத்து இடம். கோட்டுக்குக் கோடு 40 அடி உயர வித்தியாசம்னா செண்டிமீட்டர் சரிவு எங்க தெரியப்போகுது? வடக்குப் பக்கம் கிராண்ட்ஸ்டாண்ட்ங்கற கருப்புப் பாறை மட்டும் 20 மீட்டருக்கு மேல தலை நீட்டிக்கிட்டு நிக்குது.

இங்க கல்லுங்க தானா நகர்ந்து தடம் போடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2013 டிசம்பர்ல அதை நேராவே பாத்துட்டாங்க, குளிர்காலத்துல தேங்கின தண்ணி மேல மெல்லிசா ஐஸ் கட்டி, காலை வெயில்ல உடைஞ்சு, லேசான காத்துலயே கல்லைத் தள்ளிக்கிட்டுப் போகுது. அதாவது ப்ளாயா எப்பவுமே காஞ்சு கிடக்கற இடம் இல்ல.

அதனாலதான் தமிழ்ல பேரு வைக்கறப்போ கவனம் வேணும். உப்புத்தளம்னு சிலர் எழுதறாங்க, அது சரியா வராது, ரேஸ்ட்ராக் பெரும்பாலும் களிமண்ணுதான். களர்ங்கறது திருக்குறள்லயே இருக்கற அருமையான சொல்லு, ஆனா அது விளையாத மண்ணோட பேரு, நிலத்தோட வடிவத்தைச் சொல்லாது. எனக்குப் பிடிச்சது வற்றேரி. வத்தணும்னா முதல்ல தண்ணி இருந்திருக்கணும், ஏரின்னா நாலு பக்கமும் அடைப்பு இருக்கணும், ரெண்டும் அந்த ஒரே சொல்லுல வந்துடுது. ஊர்ப்பேரா வர்றப்போ ரேஸ்ட்ராக் ப்ளாயான்னே விட்டுடலாம், பொதுவாச் சொல்றப்போ வற்றேரின்னு எழுதுங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரும்போது முதல் தடவை மட்டும் வறண்ட ஏரிப்படுகைன்னு கூடச் சேத்துச் சொன்னாப் போதும்.