11.10-க்குக் கொடுத்த நேரம்

பல் டாக்டரிடம் 11.10-க்கு நேரம் வாங்கியிருந்தேன். உள்ளே போகும்போது மணி 11.50. “காலையில ஒருத்தர் கொஞ்சம் இழுத்துட்டார் சார்” என்றார் வரவேற்பில் இருந்த பெண். ஒருவர் இழுத்தால், பின்னால் வந்தவர்களில் யாராவது சீக்கிரம் முடித்து அதைச் சரிக்கட்டியிருக்க வேண்டாமா?

சராசரியாக ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 10.00, 10.10, 10.20 என மூன்று பேர். முதல் ஆளுக்கு 15 நிமிடம், இரண்டாம் ஆளுக்கு 5 நிமிடம் ஆனால், மூன்றாமவர் 10.20-க்குச் சரியாக உள்ளே போய்விடுவார். இதையே மாற்றிப் போடுங்கள். முதல் ஆள் 10.05-க்கே எழுந்துவிட்டார். அடுத்தவர் வந்து சேரவில்லை, டாக்டர் 10.10 வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் ஆளுக்கு 15 நிமிடம். மூன்றாமவர் 10.25 வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு விதத்திலும் வேலை அதே 20 நிமிடம். ஆனால் மிச்சமான நேரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. தாமதம் மட்டும் அடுத்தவர் தலையில் ஏறிக்கொள்ளும்.

அப்போ அப்பாயின்ட்மென்ட்டே வீணா? அப்படியும் இல்லை. டாக்டரின் நேரம் 90% நிறைந்திருக்கிறது, ஆட்கள் தோன்றிய நேரத்தில் வருகிறார்கள், சிகிச்சை நேரமும் கன்னாபின்னாவென்று கூடிக் குறைகிறது என்றால், வரிசைக் கோட்பாட்டின் (வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கணிதம்) எளிய கணக்குப்படி சராசரிக் காத்திருப்பு 90 நிமிடம். அதே ஆட்களைச் சீரான இடைவெளியில் வரவழைத்தால் சுமார் 42 நிமிடம். அதற்குக் கீழே இறக்க வேண்டுமானால் கூட்டத்தைக் குறைக்க வேண்டும்: 80% மட்டும் நிரப்பினால் சுமார் 17 நிமிடம்தான். ஆனால் டாக்டர் கூடுதல் நேரம் சும்மா இருப்பார்.

ஆக, யாருடைய நேரம் வீணாகலாம் என்பதுதான் கேள்வி. 1952-இல் பிரிட்டனில் நார்மன் பெய்லி, வெல்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு வழி சொன்னார்கள்: தொடக்கத்தில் இரண்டு பேரை ஒன்றாக வரச் சொல்லுங்கள், அப்புறம் சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. யாராவது ஒருவர் எப்போதும் வெளியே தயாராக இருந்தால் டாக்டர் சும்மா இருப்பது குறையும். நோயாளிக்கு என்னவோ கொஞ்சம் நஷ்டம்தான்.

தாமதம் சேர்ந்துகொண்டே போவதால் கடைசியில் வருபவருக்குத்தான் அடி. நான் இப்போது காலை முதல் அப்பாயின்ட்மென்ட்டையே கேட்டு வாங்குகிறேன். அந்த இரண்டு பேரில் இரண்டாவது ஆளாகப் போனாலும் பத்து நிமிடம்தானே. டாக்டர் நேரத்துக்கு வர வேண்டும், அது தனிக்கதை.